ஒளியை மருந்தாக்கிய நாட்டில்

சித்திரை மாதத்தில் முதல் வெய்யில் எறித்ததும் எமது தொழிற்சாலையின் டெனிஷ் தொழிலாளர்கள் இடைவேளையில் வெளியே வந்து, கண்ணை மூடி, முகத்தைச் சூரியனுக்குக் கொடுத்து நிற்பார்கள். நான் நிழல் தேடுவேன். அது அவர்களுக்குச் சிரிப்பு. ஒருவர் மட்டும் தொப்பியைக் கழற்றுவதில்லை. முன்னர் இருபது வருடம் கூரை வேலை செய்தவர். அவரது காதில் ஒரு துண்டைப் புற்றுநோய் என்று வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஒளியை மருந்தாக்கிய நாடு இது. பரோத் தீவுகளில் 1860 இல் பிறந்த நீல்ஸ் பின்சன், முகத்தை அரிக்கும் தோற் காசநோய்க்கு மின்வில் விளக்கின் ஒளியால் சிகிச்சையளித்தார். 1896 இல் கொப்பன்கேகனில் அவரது ஒளிச் சிகிச்சை நிலையம் உருவானது. 1903 இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்தார். அவர் நினைவாக 1909 இல் ரெக்னர் வடித்த 'ஒளியை நோக்கி' என்ற சிலை இன்றும் அந்நகரில் நிற்கிறது.

அதே காலத்தில் அயல்நாட்டிலிருந்து வேறொரு செய்தியும் வந்தது. வெய்யிலிலும் காற்றிலும் உழைத்த மாலுமிகளின் தோல் தடித்துப் புற்றாக மாறுவதை 1894 இல் ஹம்பேர்க்கைச் சேர்ந்த வைத்தியர் உன்னா விபரித்தார். பிரான்சில் டியூப்றெய், திராட்சைத் தோட்டத் தொழிலாளரிடம் இதையே கண்டார். ஒளி குணப்படுத்தும் என்ற செய்திக்குச் சிலை எழுந்தது. ஒளி கொல்லும் என்ற செய்தி மருத்துவ ஏடுகளுக்குள்ளேயே கிடந்தது. மாலுமிக்கும் தோட்டக்காரனுக்கும் பேச யார் இருந்தார்கள்?

வெய்யிலின் தீங்கை ஆட்சியாளர்கள் அறியாதிருக்கவில்லை. வெப்பமண்டல ஒளி வெள்ளையரை என்ன செய்யும் என்று அமெரிக்க இராணுவ வைத்தியர் வூட்றவ் 1905 இல் ஒரு நூலே எழுதினார். அக்கறை துரையின் தோலைப் பற்றியது. அவருக்குச் சோலாத் தொப்பி இருந்தது. கொழுந்து பறித்தவளுக்கு வெறும் முக்காடு.

சூரியக் கதிர்வீச்சு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1992 இல் வகைப்படுத்தியது. வெளிவேலையால் வரும் ஒருவகைத் தோற்புற்றை ஜேர்மனி தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது 2015 இல்: உன்னா எழுதி 121 ஆண்டுகள் கழித்து. 2019 இல் மட்டும் வெய்யிலில் உழைத்ததன் விளைவான, மெலனோமா அல்லாத தோற்புற்றுநோயால் ஏறத்தாழ 19,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் 2023 இல் மதிப்பிட்டன.

நமக்கு இது பொருந்தாது என்று நண்பர்கள் சொல்லக்கூடும். கறுத்த தோலுக்கு இப்புற்று மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் கழியூதாக் கதிர் கண்ணில் வெண்படலத்தையும் வளர்க்கிறது. தோலின் நிறம் கண்வில்லைக்குக் கவசமல்ல. வயலிலும் கடலிலும் பார்வை மங்கிய நம்மவரின் குறையை நாம் முதுமை என்றே எழுதிவைத்தோம்.

அந்தக் கூரைக்காரரிடம், தொழில்நோய் என்று பதிந்தீர்களா என்று கேட்டேன். 'சூரியன்மேல் யார் வழக்குப் போடுவது?' என்று சிரித்தார்.

வெய்யில் இயற்கைதான். ஆனால் யார், எவ்வளவு நேரம், எத்தகைய பாதுகாப்போடு அதில் நிற்பது என்பதைச் சூரியன் தீர்மானிப்பதில்லை.