சோப்புக் குமிழியும் சம்மட்டியும்

பப்பாளித் தண்டைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து ஊதி, முட்டை விட்டு விளையாடாத குழந்தை நம் வீடுகளில் உண்டா? அந்தக் குழந்தை விளையாட்டைப் பற்றிய ஒரு பாட்டை, ஆயிரக்கணக்கான முரட்டுக் குரல்கள் கால்பந்து மைதானத்தில் கூடிப் பாடுகின்றன என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கும். லண்டனின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த வெஸ்ட் ஹாம் யுனைடெட் கோஷ்டியின் ரசிகர்கள் அப்படித்தான் பாடுகிறார்கள். தேம்ஸ் நதிக்கரையில் கப்பல் கட்டிய இரும்புத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளிகளுக்காக 1895இல் தொடங்கிய கோஷ்டி அது. அதன் சின்னமே குறுக்காக வைத்த இரண்டு சம்மட்டிகள். சம்மட்டிக்கும் சோப்புக் குமிழிக்கும் என்ன சம்பந்தம்?

பாட்டு இங்கிலாந்தில் பிறந்ததே அல்ல. 1918இல் நியூயார்க் நாடக மேடையில் ஒலித்து, 1919இல் அச்சேறியது. அச்சுத் தாளில் ஜான் கென்புரோவின், ஜான் கெல்லெட் என்று இரண்டு பெயர்கள். கெல்லெட் நிஜ மனிதர். கென்புரோவின் என்று ஒருவர் பூமியில் பிறக்கவே இல்லை! கென்டிஸ், புரோக்மன், வின்சென்ட் என்ற மூவரும் ஆளுக்கொரு பதிப்பாளரிடம் ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சொந்தப் பெயரில் சேர்ந்து எழுத வழியில்லை. ஆகவே மூன்று பெயர்களையும் துண்டு போட்டு ஒட்டி ஒரு கவிராயரை உண்டாக்கிவிட்டார்கள். புனைபெயரில் பிழைப்பு நடத்தியவர்களுக்கு அவர்கள் சங்கடம் புரியும்.

அந்தப் பாட்டு கடலைத் தாண்டி, 1920களில் இங்கிலாந்தின் நாடகக் கொட்டகைகளிலெல்லாம் பிரசித்தமாயிற்று. அங்கிருந்து கால்பந்து மைதானத்துக்கு எப்படி வந்தது என்பதில்தான் வழக்கு.

வெஸ்ட் ஹாம்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை இது. அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடத்தில் சுருட்டை முடிப் பையன் ஒருவன் நன்றாகப் பந்தாடினான். பியர்ஸ் சோப்பு விளம்பரப் படத்தில், ஊதிவிட்ட குமிழியை அண்ணாந்து பார்க்கும் குழந்தையின் ஜாடை அவனுக்கு இருந்ததால் ‘பபிள்ஸ்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. பையன்கள் நன்றாக ஆடும்போதெல்லாம் தலைமையாசிரியர் இந்தப் பாட்டைப் பாடுவார். அவர் வெஸ்ட் ஹாம் பயிற்சியாளர் சார்லி பேன்டரின் சிநேகிதர். அந்த வழியாகப் பாட்டு பெரிய மைதானத்துக்கு வந்து சேர்ந்ததாம்.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1886இல் மில்லே என்ற பெரிய ஓவியர் தம் பேரனை வைத்துத் தீட்டியது அது. சோப்புக் கம்பெனி அதை வாங்கி, ஒரு சோப்புக் கட்டியையும் சேர்த்து விளம்பரமாக்கிவிட்டது. பேரன் வளர்ந்து பிரிட்டிஷ் கடற்படையில் அட்மிரல் ஆனார். அப்போதும் ‘பபிள்ஸ்’ என்ற பெயர் அவரை விடவில்லை!

பள்ளிக்கூடத்துக் கதைக்கு வருவோம். கதை எழுதிப் பழகியவன் கண்ணுக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகவே பொருந்தி நிற்கிறது. அந்தப் பையன் வெஸ்ட் ஹாம் பெரிய கோஷ்டியில் ஒருநாளும் ஆடியதில்லை. போதாததற்கு, 1920களின் தொடக்கத்தில் இந்தப் பாட்டை மைதானத்தில் பாடியவர்கள் என்று பழைய பத்திரிகைகள் காட்டுவது வேல்ஸ் தேசத்துச் சுவான்சி ஊர் ரசிகர்களை. 1922 ஜனவரியில் கோப்பைப் பந்தயத்தில் இரண்டு கோஷ்டிகளும் மோதின. மூன்று முறை ஆடித்தான் முடிவு தெரிந்தது. ஜெயித்தது சுவான்சி. தோற்றவர்கள் ஜெயித்தவர்களிடமிருந்து பாட்டை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, 1940இல் வெஸ்ட் ஹாம் வெம்பிளியில் யுத்தக் கோப்பையை வென்ற காலத்தில்தான் அது வழக்கமாயிற்று என்பது இன்னொரு கட்சி. எனக்குச் சுவான்சிக் கட்சியில்தான் சாய்வு. தன் ஊரிலேயே பாட்டு பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் பையனையும் வாத்தியாரையும் பிறகு சேர்த்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அந்தப் பையனுக்கும் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கோலே போடாமல் சரித்திரத்தில் இடம் கிடைத்துவிட்டது.

கிழக்கு லண்டன்காரர்கள் தாமாகச் செய்த காரியம் ஒன்று உண்டு. அச்சுப் பிரதியில் குமிழிகள் வானத்தைக் கிட்டத்தட்டத்தான் தொடுகின்றன. மைதானத்தில் அந்தக் ‘கிட்டத்தட்ட’வைக் காணோம், குமிழிகள் வானத்தை எட்டியே விடுகின்றன. யார் அந்தச் சொல்லை முதலில் விழுங்கியது, எந்தச் சனிக்கிழமையில் என்பதற்குச் சாட்சி இல்லை. அதற்கு அடுத்து, கனவுகளைப் போலக் குமிழிகளும் மங்கி மறைந்துபோகிற இடத்தில் மட்டும் அவர்கள் கை வைக்கவில்லை. உரக்கப் பாடுவதும் அந்த இடத்தைத்தான்.