அபினும் அரை ஆயுட்காலமும்

புதுச்சேரியின் வரலாற்றில் அபினுக்கும் ஓர் இடம் உண்டு. 1815 மார்ச்சில் இங்கிலாந்தும் பிரான்சும் லண்டனில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியாவின் பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பின் உரிமைக்கு ஈடாகப் பிரான்சுக்கு ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய். அத்துடன், கல்கத்தா ஏலத்தின் சராசரி விலையில் 300 பெட்டி அபின். பெட்டி ஒன்று ஏறக்குறைய 63 கிலோ! இரு அரசுகளுக்கும் அபின் வருவாய் தரும் சரக்கு. அதை உண்டு பழகி, விடமுடியாமல் தவித்தவனைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

அவனைப் பற்றிய கவலை பின்னாளில்தான் வந்தது. வாயால் அபின் உண்ணும் வழக்கத்தை 1959-க்குள் ஒழிப்பது என்று சுதந்திர இந்தியா முடிவு செய்தது. ஆனால் ஏற்கெனவே பழகியவர்களைத் திடீரென்று கைவிட இயலவில்லை. அவர்கள் பெயரைப் பதிவு செய்து, அனுமதிச் சீட்டின்பேரில் அளந்து கொடுத்தார்கள். போதைப்பொருளை அரசே கொடுக்கலாமா? நியாயமான கேள்விதான். இதே கேள்வி நியூயார்க்கிலும் எழுந்தது.

அங்கே 1964-இல் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர், மேரி ஜீன் கிரீக் ஆகியோர் ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்கு முதலில் மார்பீன் கொடுத்துப் பார்த்தனர். நாளுக்குப் பல ஊசிகள் தேவைப்பட்டன. அளவும் ஏறிக்கொண்டே போயிற்று. பிறகு மெத்தடோனுக்கு மாற்றினர். ஜெர்மனியில் 1930-களின் இறுதியில் வலிநீக்கியாகச் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட பொருள் இது. நாளுக்கு ஒரு வேளை, வாய்வழியே. சோர்ந்து கிடந்தவர்கள் படிப்பையும் வேலையையும் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

காரணம் என்ன? கதிரியக்கப் பாடத்தில் நாம் படிக்கும் அரை ஆயுட்காலம் இங்கும் உதவுகிறது. உடலில் உள்ள மார்பீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 3 மணி நேரம் போதும். 24 மணியில் எட்டு முறை பாதியாகி, 256-இல் ஒரு பங்கே மிஞ்சும். எனவே உடல்வலி, வியர்வை, வயிற்றுப்போக்கு, மறுபடியும் ஊசி. மெத்தடோனுக்கோ அரை ஆயுட்காலம் சராசரியாக ஒரு நாள். ஆளுக்கு ஆள் இது மிகவும் மாறும். மூளையில் அபின் பற்றும் அதே இடங்களில்தான் இதுவும் பற்றுகிறது. ஆனால் மெல்ல ஏறி, மெல்ல இறங்குவதால் பழகியவருக்குப் போதை மயக்கமும் இல்லை, தவிப்பும் இல்லை.

இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. முதல் நாள் 1 பங்கு, மறுநாள் மிச்சமுள்ள பாதியோடு 1½, அடுத்து 1¾, இப்படியே 2-ஐ நெருங்கும். முதல் நாள் தாங்கிய அளவே ஐந்தாம் நாள் மூச்சை நிறுத்திவிடலாம். ஆகவே மருத்துவர் சிறிய அளவில் தொடங்கி, பொறுத்துப் பொறுத்தே கூட்டுவார்.

2005-இல் உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் 2012-இல் சில மையங்களில் மட்டும் அது தொடங்கிற்று. இங்கு அதற்கு முன்பிருந்தே பரவலாக வழங்கப்படுவது பியூப்ரினார்பின் மாத்திரை. நாக்கின் அடியில் வைத்து, அது கரையும்வரை ஊழியரின் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.