பச்சோந்தி முட்டைக்குக் குளிர்காலம் எதுக்கு?

இந்த எபிசோடு ஒரு முட்டையோட வரலாறு. கோழி முட்டை 21 நாளில் பொரிஞ்சிடும். மடகாஸ்கர் நாட்டு பாந்தர் பச்சோந்தியோட முட்டைக்கு ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். இதை வீட்டு அலமாரியில வெச்சுப் பொரிக்க மனுஷங்க எப்படிக் கத்துக்கிட்டாங்க?

பச்சோந்தியை வீட்டில் வைக்கும் ஆசை புதுசு இல்லை. 1670களில் பாரிஸ் எழுத்தாளர் மதலேன் த ஸ்கூதெரி எகிப்திலிருந்து வந்த பச்சோந்திகளை வளர்த்து, அதைப் பற்றி எழுதியும் வெச்சார். அது காற்றைத் தின்றே வாழும்னு ரோமானியர் பிளினி சொன்னதை நம்பியவர்கள் அப்போவும் இருந்தாங்க. என்ன சாப்பிடுதுன்னே சண்டை நடக்கும்போது, முட்டையைப் பற்றி யார் யோசிக்கப் போறாங்க?

யோசிக்க வெச்சது வியாபாரம்தான். 20-ஆம் நூற்றாண்டின் கடைசியில் காட்டில் பிடித்த பச்சோந்திகள் பெட்டி பெட்டியாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போச்சு. பயணத்தின் களைப்பு, தண்ணீர் இல்லாமை, வயிற்றுப் புழு எல்லாம் சேர்ந்து நிறைய செத்துச்சு. 1977-ல் சைட்டீஸ் ஒப்பந்தம் கமேலியோ பேரினத்தைப் பட்டியலில் சேர்த்தது. 1995-ல் மடகாஸ்கர் பச்சோந்திகளில் பாந்தர் உள்பட நாலு இனம் தவிர மற்றவற்றின் இறக்குமதியை நிறுத்தச் சொன்னது. அதுக்கப்புறம் ஆசை இருக்கிறவங்களுக்கு இருந்த நேர்மையான வழி, கையில் இருக்கிறதைப் பெருக்குவதுதான்.

இங்கேதான் கோழிப் பண்ணை அனுபவம் காலை வாரிச்சு. கோழி முட்டையைத் தினமும் திருப்பணும். பல்லி இன முட்டையில் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டி வளருது, பாதியில் உருட்டினா செத்துப் போகலாம். அதனால வளர்ப்பவர்கள் முட்டை இருந்த நிலையிலேயே மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வெச்சு, ஈரமான வெர்மிகுலைட் நிரப்பின டப்பாவில் பாதி புதைச்சு, மூடி வைப்பாங்க. தண்ணீர் அதிகமானா பூஞ்சை, குறைஞ்சா முட்டை அமுங்கிடும்.

அடுத்த சிக்கல் வெப்பநிலை. எஞ்சினியர் புத்தி என்ன சொல்லும்? ஒரே டிகிரியில் நிலையா வை. ஆனா பெரும்பாலான பல்லிகள் முட்டையிடும்போது உள்ளே கரு ஓரளவு வளர்ந்திருக்கும். பச்சோந்தி முட்டையில் அது அப்போதான் தொடங்கின நிலை. பல இனங்களில் கரு அப்படியே மாசக்கணக்கில் தூங்குது. மடகாஸ்கரில் குளிர்ந்த வறண்ட மாசங்கள் போய், மழையும் பூச்சியும் வரும்போது குஞ்சு வெளியே வரணுமே! அதனால பாந்தர் வளர்ப்பவர்கள் பலர் ஒன்றரை மாசம் போல 18 டிகிரி அளவில் குளிரவெச்சு, பிறகு சூடாக்குறாங்க. டப்பாவுக்குள்ள ஒரு செயற்கைக் குளிர்காலம்.

இதன் உச்சம் மடகாஸ்கரின் லபோர்டி பச்சோந்தி. 2008-ல் வெளியான ஆய்வுப்படி அதன் ஆயுள் ஏறக்குறைய ஒரு வருஷம். அதில் எட்டு ஒன்பது மாசம் முட்டைக்குள்ளேயே போயிடுது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி ஒரு வதந்தி. 1966-ல் டக்காரில் மதலேன் ஷார்னியே, நம்ம ஓணான் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பல்லியில், முட்டையின் வெப்பநிலை ஆண்-பெண் விகிதத்தை மாற்றுதுன்னு காட்டினார். ஆமை, முதலையில் பிறகு இது உறுதியாச்சு. உடனே யெமன் பச்சோந்தி வளர்ப்பவர்களும் டிகிரியைத் திருகி ஆண் பெண் தேர்வு செய்யலாம்னு நம்ப ஆரம்பிச்சாங்க. 2005-ல் ராபின் ஆண்ட்ரூஸ் சோதிச்சுப் பார்த்தார். வெப்பநிலைக்கு அதில் பங்கு இல்லை. பாலின குரோமோசோம்தான் காரணம்னு 2018-ல் தெளிவாச்சு.

பொரிக்கத் தெரிஞ்சதால் காடு முழுசாத் தப்பிச்சிடுச்சா? பாந்தரில் இன்று விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி வளர்ப்பில் பிறந்தவை, அது பெரிய விஷயம். ஆனா ஒரு தடவைக்குச் சில டஜன் முட்டை போடும் யெமன் பச்சோந்தி, வீடுகளிலிருந்து வெளியேறி ஃபுளோரிடாவில் காட்டு உயிராவே பரவிடுச்சு.

நம்ம ஊர் பச்சோந்தியும் மண்ணைத் தோண்டித்தான் முட்டையிடும். மரத்தைவிட்டு வாழ்நாளில் அது இறங்கியே ஆகவேண்டிய நேரம் அது, அப்போதான் ரோட்டிலும் மாட்டிக்குது. கேட்கிறவங்க யாருக்காவது டப்பா, வெர்மிகுலைட் ஆசை வந்திருந்தா ஒண்ணு சொல்லிடுறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஊர்வனவற்றின் முட்டையை எடுக்கிறதும் வேட்டைதான். வழியில் பார்த்தீங்கன்னா வண்டியை ஓரம் கட்டி, அது ரோட்டைக் கடக்கும்வரை நில்லுங்க. ரொம்ப மெதுவாத்தான் போகும்.