பாய்ன்செட் கவுண்டியில் பருத்தி மானியமும் வாரக் குடியானவர்களும்

பாய்ன்செட் கவுண்டி, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தின் வடகிழக்கில் உள்ளது. கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு. 1930களில் அரசு வழங்கிய பருத்தி மானியம் யாருக்குப் பயன்பட்டது, யாரை நிலத்தைவிட்டு வெளியேற்றியது என்பதை இப்பகுதியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பின்னணி

1919இல் பவுண்டுக்கு ஏறத்தாழ 35 சென்ட் விற்ற பருத்தி, 1932இல் 6 சென்ட் அளவுக்குச் சரிந்தது. விளைச்சல் மிகுதியாகவும் வாங்குவோர் குறைவாகவும் இருந்ததே காரணம். எனவே ரூசுவெல்ட் அரசு 1933 மே 12 அன்று வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சாகுபடிப் பரப்பைக் குறைக்கும் உழவருக்குப் பணம் தரப்படும். அதற்கான நிதி, விளைபொருளைப் பதப்படுத்தும் ஆலைகள் மீதான வரியிலிருந்து திரட்டப்படும். அந்த ஆண்டு மட்டும் ஏறத்தாழ 1 கோடி ஏக்கரில் வளர்ந்து நின்ற பருத்தி உழுது அழிக்கப்பட்டது.

பங்கீடு

பாய்ன்செட் போன்ற பகுதிகளில் நிலம் பெரும் பண்ணையார்களிடம் இருந்தது. பயிர் செய்தவர்கள் வாரக் குடியானவர்கள். விளைச்சலில் ஒரு பங்கே அவர்களுக்குக் கூலி. விதைக்கும் உணவுக்கும் பண்ணையாரிடமே கடன். இவர்களில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் இருந்தனர்.

1934, 1935ஆம் ஆண்டுகளுக்கான ஒப்பந்தப்படி, தரிசாக விடப்பட்ட நிலத்துக்கு உரிய தொகையில் பவுண்டுக்கு 4 சென்ட் பண்ணையாருக்கும் அரை சென்ட் மட்டும் வாரக் குடியானவருக்கும் கிடைத்தன. அந்த அரை சென்ட்டும் பண்ணையார் கை வழியாகவே வர வேண்டியிருந்தது. பயிரிடும் பரப்பு குறைந்ததால் குடியானவர்களின் தேவையும் குறைந்தது. பலர் வீட்டோடு வெளியேற்றப்பட்டனர். முறையீடுகளைக் கவனிக்க வேண்டிய உள்ளூர்க் குழுக்களிலும் நில உடைமையாளர்களின் செல்வாக்கே ஓங்கியிருந்தது.

சங்கம் தோன்றுதல்

1934 ஜூலையில், இக்கவுண்டியிலுள்ள டைரொன்சா ஊருக்கு அருகில் 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தவரும் கூடித் தென்னகக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கினர். சலவைக் கடை நடத்திய எச். எல். மிட்செல், பக்கத்தில் பெட்ரோல் நிலையம் நடத்திய கிளே ஈஸ்ட் ஆகியோர் இதற்குத் துணைநின்றனர். இனப் பிரிவினை கடுமையாக இருந்த காலத்தில் இரு இனத்தவரும் ஒரே சங்கத்தில் சேர்ந்தது பெரிய துணிவு. உறுப்பினர்கள் அடி உதைக்கும் சிறைக்கும் ஆளாயினர்.

வாசிங்டனிலும் இச்சிக்கல் எதிரொலித்தது. அதே குடியானவர்களையே பண்ணையில் வைத்திருக்க வேண்டும் என ஒப்பந்தத்துக்கு விளக்கம் தந்த சட்டப் பிரிவின் தலைவர் செரோம் பிராங்கும் உடன் பணிபுரிந்த சிலரும் 1935 பிப்ரவரியில் பதவி இழந்தனர்.

பின்விளைவுகள்

1936 சனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் ஆலை வரியும் அதனுடன் இணைந்த ஒப்பந்தமுறையும் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் மானியம் நிற்கவில்லை. மண்வளப் பாதுகாப்பு என்ற பெயரில் அதே ஆண்டு திரும்பி வந்தது. குடியானவரின் பங்கை உயர்த்தப் பின்னர் விதிகள் மாற்றப்பட்டன. அப்போது பண்ணையார்கள் வேறு வழி கண்டனர்: வாரக் குடியானவரை நீக்கிவிட்டு நாள்கூலிக்கு ஆள் வைத்தால் மானியத்தைப் பங்கிட வேண்டியதில்லை. 1939 சனவரியில் அண்டை மாநிலமான மிசௌரியில், இவ்வாறு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் கடுங்குளிரில் நெடுஞ்சாலை ஓரங்களில் குடியேறிப் போராடின. மானியப் பணத்தில் வாங்கிய டிராக்டர்கள் எஞ்சிய வேலைகளையும் குறைத்தன.

மிட்செலும் ஈஸ்ட்டும் தொழில் நடத்திய டைரொன்சா கட்டடம் இன்று அக்குத்தகை உழவர்களின் அருங்காட்சியகமாக உள்ளது.