உப்பளக் கூலிக் கணக்கை இணையச் செயலியாக்குவோம்: எம்விசி முறையில் முதல் படிகள்

வானூரிலிருந்து மரக்காணம் வரை நீளும் நம் கடலோரத்தில் உப்பு விளைவது கோடையை நம்பி. மழை இறங்கிவிட்டால் பாத்திகளில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களின் கஷ்டத்தைக் கருதித்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கியது. வேலையில்லாக் காலத்தில் முன்பணம் வாங்குவதும், பருவம் தொடங்கியபின் கூலியில் அது கழிவதும் இத்தகைய தொழில்களில் வழக்கம். எத்தனை நாள் வேலை, எவ்வளவு முன்பணம், எவ்வளவு பாக்கி என்ற கேள்வியில் தகராறு வந்தால், பெரும்பாலும் நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சே செல்லும்.

கணினி படித்த பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் இருக்கிறார்கள். "படித்தாகிவிட்டது, எதைச் செய்வது என்று தெரியவில்லை" என்று கேட்கும் அவர்களுக்காகவும், அவர்களின் பெற்றோருக்காகவும் இந்தக் கட்டுரை. இணையச் செயலி கட்டும் முறைகளில் பரவலானதை இந்தக் கூலிக் கணக்கையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

எம்விசி என்றால் என்ன?

மாடல், வியூ, கன்ட்ரோலர் என்ற மூன்று சொற்களின் சுருக்கம்தான் எம்விசி. நார்வே நாட்டுக் கணினி அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக், அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்தபோது 1979-இல் இதை வகுத்தார். அப்போது இணையதளங்களே கிடையாது. பின்னாளில் 2004-இல் வந்த ரூபி ஆன் ரெயில்ஸ், 2005-இல் வெளியான ஜாங்கோ, 2011-இல் வந்த லாராவெல் போன்ற கட்டமைப்புகள் வழியாக இந்த எண்ணம் இணைய உலகில் வேரூன்றியது.

ஒரு கணக்கு அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பேரேடு இருக்கிறது. எதை எப்படி எழுத வேண்டும் என்ற விதிகளும் அதனுடன் இருக்கின்றன. அது மாடல். கேட்பவருக்குக் கணக்கைப் படிக்கும்படி எழுதித் தரும் சீட்டு, வியூ. வந்தவர் என்ன கேட்கிறார் என்று கேட்டு, பேரேட்டைப் பார்த்து, சீட்டை எழுதிக் கொடுக்கும் கணக்குப்பிள்ளை, கன்ட்ரோலர்.

ஏன் பிரிக்க வேண்டும்? பாக்கித் தொகையைக் கணக்கிடும் முறையைத் தொழிலாளி பார்க்கும் பக்கத்தில் ஒருமுறை, முதலாளி பார்க்கும் பக்கத்தில் ஒருமுறை, மாதாந்திர அறிக்கையில் ஒருமுறை எழுதினோம் என்று வைத்துக்கொள்வோம். நாளை முன்பணத்தைக் கழிக்கும் முறை மாறுகிறது. இரண்டு இடத்தில் திருத்தி மூன்றாவதை மறந்தால், ஒரே ஆளுக்கு இரண்டு பாக்கித் தொகை தெரியும். கணக்கிடும் முறை மாடலில் ஒரே இடத்தில் இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

எந்தக் கட்டமைப்பு?

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் பைதான் மொழியும், பைதான் வழியாக எஸ்கியூலைட் தரவுத்தளத்தைக் கையாளுவதும் இருக்கின்றன. கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பி இருக்கிறது. பிஎச்பி படித்தவருக்கு லாராவெல் பொருந்தும். பைதான் படித்தவருக்கு ஜாங்கோ பொருந்தும். அது தொடக்கத்தில் பயன்படுத்தும் தரவுத்தளமும் அதே எஸ்கியூலைட்தான். எனவே இங்கே ஜாங்கோவை எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்தது இது. இன்ஸ்டாகிராம் தொடங்கப்பட்டதும் ஜாங்கோவில்தான். இலவசம்; மூலநிரல் திறந்தது.

ஒரு எச்சரிக்கை. ஜாங்கோ இந்த மூன்று பகுதிகளுக்கும் வேறு பெயர் வைத்திருக்கிறது. கணக்குப்பிள்ளையின் வேலையைச் செய்வதை அது 'வியூ' என்கிறது. சீட்டை 'டெம்ப்ளேட்' என்கிறது. புதியவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். பெயர் மாறினாலும் வேலைப் பிரிவு ஒன்றே.

தொடங்கும் படிகள்

1. பைதானை நிறுவுங்கள். இந்த வேலைக்கென்று தனியாக ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கி, பிப் கட்டளையால் அதற்குள் ஜாங்கோவை நிறுவுங்கள். மற்ற வேலைகளோடு கலக்காமல் இருக்கவே இந்தத் தனிச் சூழல்.

2. 'ஸ்டார்ட் பிராஜெக்ட்' கட்டளையால் திட்டத்தையும், 'ஸ்டார்ட் ஆப்' கட்டளையால் அதற்குள் கூலிப் பகுதியையும் உருவாக்குங்கள். அமைப்புகள் கோப்பில் நிறுவிய பகுதிகளின் பட்டியலில் கூலிப் பகுதியின் பெயரைச் சேருங்கள். நேர மண்டலத்தை ஆசியா கொல்கத்தா என்றும், மொழியைத் தமிழ் என்றும் அங்கேயே மாற்றலாம்.

3. மாடல்ஸ் கோப்பில் மூன்று வகைகளை எழுதுங்கள்: தொழிலாளர், வேலைநாள், பணம் கொடுத்தது. வேலைநாளில் தேதி, யார், அன்றைய கூலி ஆகியவை இருக்கட்டும். பணம் கொடுத்ததில் தேதி, யாருக்கு, தொகை, முன்பணமா கூலியா என்பது இருக்கட்டும்.

4. 'மேக் மைக்ரேஷன்ஸ்', 'மைக்ரேட்' என்ற இரு கட்டளைகளை இயக்கினால், நீங்கள் எழுதிய வகைகள் தரவுத்தளத்தில் அட்டவணைகளாகும்.

5. ஒரு மேலாளர் கணக்கை உருவாக்கி, மூன்று வகைகளையும் அட்மின் கோப்பில் பதிவு செய்யுங்கள். பதிவுகளைச் சேர்க்கவும் திருத்தவும் ஒரு பக்கம் தானாகவே கிடைக்கும். வேறு பல கட்டமைப்புகளில் இதை நாமே கட்ட வேண்டியிருக்கும்.

6. இனி நம் சொந்தப் பக்கம். முகவரிகள் கோப்பில் 'பாக்கி' என்ற முகவரியை ஒரு வியூவோடு இணையுங்கள். அந்த வியூ மாடலிடம் பாக்கியைக் கேட்டு டெம்ப்ளேட்டிடம் கொடுக்கும். டெம்ப்ளேட் அதைத் திரையில் காட்டும்.

7. 'ரன் சர்வர்' கட்டளையை இயக்கி, உலாவியில் 8000 என்ற எண்ணுள்ள உள்ளூர் முகவரியைத் திறந்து பாருங்கள். இது சோதனைக்கு மட்டுமே. ஊருக்குத் திறந்துவிட இதைப் பயன்படுத்தக் கூடாது.

கணக்கில் கவனிக்க வேண்டியவை

செயலி ஓடத் தொடங்கிவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஒருவரின் கூலி அதில் இருப்பதால் நான்கு விஷயங்களைத் தவறவிடக் கூடாது.

முதலாவது, பாக்கியைத் தனியாக எழுதி வைக்காதீர்கள். பதிவுகளிலிருந்து ஒவ்வொரு முறையும் கணக்கிடுங்கள். 12 நாள் வேலை, நாளுக்கு 500 ரூபாய் என்று கொள்வோம், கூலி 6,000. முன்பணம் 2,000, இடையில் கொடுத்தது 1,500 என்றால் பாக்கி 2,500. தொழிலாளி கேட்டால் ஒவ்வொரு வரியையும் காட்ட முடிய வேண்டும். பணத்துக்குத் தசமப் புலத்தையே பயன்படுத்துங்கள். மிதவை எண்களில் பைசா பிசகும்.

இரண்டாவது, அன்றைய கூலியை அந்த நாளின் பதிவிலேயே எழுதுங்கள். கூலி விகிதத்தைத் தொழிலாளரின் பெயரோடு மட்டும் வைத்தால், அடுத்த மாதம் விகிதத்தை மாற்றும்போது பழைய நாட்களின் கணக்கும் சேர்ந்து மாறிவிடும்.

மூன்றாவது, அழிப்பது. வேலைநாளைத் தொழிலாளரோடு இணைக்கும்போது, அந்தத் தொழிலாளரின் பெயரை நீக்கினால் என்ன ஆக வேண்டும் என்று ஜாங்கோ நம்மிடம் கேட்கும். 'கேஸ்கேட்' என்று எழுதினால் அவருடைய வேலைநாட்கள் அத்தனையும் அவரோடு அழிந்துவிடும். 'புரொடெக்ட்' என்று எழுதினால் பதிவுகள் இருக்கும்வரை பெயரை நீக்க விடாது. ஒரு சொல்தான், ஒரு குடும்பத்தின் பருவம் முழுதும் உழைத்த கூலிக்கான சாட்சி அதில் இருக்கிறது. தவறான பதிவையும் அழிக்காமல், எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்வதே கணக்கு மரபு.

நான்காவது, யார் எதைப் பார்க்கலாம் என்பது. கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல் குலைத்துச் சேமிப்பது, படிவங்களைப் போலிக் கோரிக்கைகளிலிருந்து காப்பது, தரவுத்தளத்துக்குள் தீய கட்டளை நுழையாமல் தடுப்பது ஆகியவற்றை, அதன் வழிமுறைப்படி எழுதினால், ஜாங்கோ பார்த்துக்கொள்ளும். ஆனால் முகவரியில் 7 என்று இருப்பதை 8 என்று மாற்றினால் அடுத்தவர் கணக்கு திறக்குமா என்பதை அது பார்க்காது. உள்நுழைந்தவர் யார், கேட்கும் கணக்கு அவருடையதா என்று வியூவில் நாம்தான் சரிபார்க்க வேண்டும். தேவையில்லாத ஆதார் எண், முகவரி போன்றவற்றை வாங்கவே வேண்டாம். 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கச் சொல்கிறது. பிறர் நம்மிடம் ஒப்படைத்த விவரம் அமானிதம் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இணையத்தில் ஏற்றும் முன் அமைப்புகள் கோப்பில் 'டீபக்' என்பதை நிறுத்துங்கள். அது திறந்திருந்தால், பிழை ஏற்படும்போது செயலியின் உள்விவரங்கள் பார்ப்பவர் எவருக்கும் தெரியும். ரகசியச் சாவியை நிரலோடு சேர்த்து வெளியிடாதீர்கள். எஸ்கியூலைட் தரவுத்தளம் ஒரே ஒரு கோப்பு என்பதால், நாள்தோறும் அதை வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது எளிது.

எங்கே கற்பது?

ஜாங்கோவின் அதிகாரபூர்வப் பயிற்சி, ஒரு வாக்கெடுப்புச் செயலியைப் படிப்படியாகக் கட்டிக் காட்டுகிறது. முற்றிலும் புதியவருக்கு ஜாங்கோ கேர்ள்ஸ் பயிற்சி அதைவிட எளிது. பெண்கள் நிரலெழுதக் கற்பதற்காக 2014-இல் பெர்லினில் தொடங்கப்பட்ட முயற்சி அது. வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். தமிழில் படிக்க விரும்புவோருக்கு, கட்டற்ற மென்பொருள் பற்றி 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழும் அதன் 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்களும் இருக்கின்றன. பாடநூல் கழகத்தின் 12-ஆம் வகுப்புப் புத்தகமும் தமிழ்வழியில் கிடைக்கிறது. பைதானில் செயற்கூறு, வகுப்பு ஆகிய இரண்டும் புரியாமல் ஜாங்கோவுக்குள் நுழைய வேண்டாம்; அங்கே செலவிடும் சில வாரங்கள் பின்னால் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

கட்டி முடித்ததும் நோட்டைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள். ஒரு பருவம் முழுவதும் நோட்டும் செயலியும் அருகருகே நடக்கட்டும். வாரம் ஒருமுறை இரண்டின் பாக்கியையும் ஒப்பிட்டு, கணக்குக்குரியவரையே அருகில் அமர்த்தி வாசித்துக் காட்டுங்கள். மழை தொடங்கும்வரை இரண்டும் ஒத்துப்போனால், அடுத்த பருவத்துக்கு உங்கள் செயலியை நம்பலாம், இன்ஷா அல்லாஹ்.