சாமை கேட்ட மண்

ஐ.டி. வேலையில் ஒரு பழைய சால்ஜாப்பு உண்டு: "என் மெஷின்ல ஓடுதே!" புரோகிராம் ஒன்றுதான், ஓடுகிற இடம் வேறு. டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோகான்சென் 1903இல் பீன்ஸ் விதைகளில் கண்டதும் ஏறக்குறைய இதுதான். ஒரே செடியின் வழிவந்த விதைகளில் பெரியதை மட்டும் பொறுக்கி விதைத்தாலும் அடுத்த தலைமுறை பெரிதாகவில்லை. அந்த வித்தியாசம் மரபில் இல்லை, வளர்ந்த சூழலில் இருந்தது.

கொல்லிமலை விவசாயிகள் இதைப் புத்தகம் இல்லாமலே நடத்தி வந்தார்கள். மலையாளிப் பழங்குடியினர் சாமையை வெறும் சாமை என்று சொல்வதில்லை. மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலச்சாமை, பெருஞ்சாமை என்று தனித்தனிப் பெயர்கள். சில சீக்கிரம் விளையும், பெருஞ்சாமைக்கு நாள் அதிகம். சரிவு, மண்ணின் ஆழம், மழை பார்த்து எந்த விதை எங்கே என்று முடிவெடுப்பார்கள். பல தலைமுறைகளாக மண்ணும் பதிலுக்கு விதையைத் தேர்ந்தெடுத்தது. மெலிந்த மண்ணில் தாக்குப்பிடித்ததே மறுவருட விதை.

அந்த உறவை முதலில் அசைத்தது குச்சிக்கிழங்கு. 1940களில் போரால் ஜவ்வரிசி இறக்குமதி நின்றுபோக, சேலத்தில் சேகோ ஃபேக்டரிகள் முளைத்தன. பிறகு அந்தக் கிழங்கு மலையும் ஏறியது. கரணை நட்டு வளர்ப்பதால் வயல் முழுக்க ஒரே மரபு, அச்சு அசல் நகல். பொறுக்கி எடுக்க மண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. கிழங்கு பொட்டாசியத்தை வாரி எடுத்துக்கொள்ளும். சரிவில் பிடுங்கும்போது மேல்மண்ணும் இளகி மழையோடு இறங்கும். அடுத்த போகத்துக்கு மூட்டை உரம். காசு வந்தது என்பதையும் சொல்லணும். சாமையை உரலில் குத்திக் களைத்த பெண்களிடம் போய் பாரம்பரியம் பேச எனக்கு வாய் வராது.

சரி, அந்த உரத்தைச் சாமைக்கே போட்டிருக்கலாமே? அங்கேதான் சிக்கல். தழைச்சத்து ஏறினால் உயரச் செடி இன்னும் உயர்ந்து, கதிரின் பாரத்தில் சாய்ந்துவிடும். நெல்லில் இதைத் தீர்த்தது 1966இல் வந்த ஐ.ஆர்.8இன் குட்டை மரபணு. உரத்தைத் தாங்கும் உடல்வாகு அது. சாமைக்கு அந்த அளவு ஆராய்ச்சி கிடைக்கவில்லை. 'விளைச்சல் குறைந்த பயிர்' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே விதைகளைச் சேகரித்தது. ஊர்களில் விதை வங்கிகள் வந்தன, சிறுதானியம் அரைக்கும் இயந்திரங்களும் வந்தன. இயந்திரம்தான் பெரிய விஷயம் என்பேன். குளிர்பதனக் கிடங்கில் வைத்த விதை பிழைத்திருக்கும், ஆனால் உள்ளே போன வருடத்து மண்ணோடு அதன் கதை நின்றுவிடும். ஊர் வங்கியில் வாங்கியவர் அறுவடைக்குப் பிறகு கொஞ்சம் கூட்டித் திருப்பித் தர வேண்டும். அதற்கு அவர் அதை மலையில் விதைத்தே ஆகணும்.