பருவகாலச் சுற்றுலாப் பணியாளர்களுக்கு என்ன பயிற்சி தேவை? ஏலமலை தரும் பாடங்கள்

வண்டன்மேடு: இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காய் வணிக மையமான வண்டன்மேட்டிலும், அதையொட்டிய ஆனக்கரா, புற்றடி, குமுளி பகுதிகளிலும் சுற்றுலாத் தொழில் ஆண்டு முழுவதும் ஒரே சீராக நடப்பதில்லை. கோடை விடுமுறை, ஓணம், பூஜை விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய நாட்களில் அறைகள் நிரம்புகின்றன. கார்த்திகை, மார்கழி மாதங்களில் தமிழக ஐயப்ப பக்தர்கள் குமுளி வழியாகப் பெருமளவில் செல்கின்றனர். தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போது கூட்டம் குறைந்துவிடுகிறது.

இதனால் விடுதிகள், ஹோம்ஸ்டேக்கள், உணவகங்கள், ஜீப் சவாரி நடத்துவோர், ஏலத்தோட்டங்களைச் சுற்றிக்காட்டுவோர் எனப் பலரும் சில வாரங்களுக்கு மட்டும் ஆட்களைச் சேர்க்கின்றனர். வந்த மறுநாளே அந்த ஆள் விருந்தினர் முன் நிற்க வேண்டியுள்ளது.

மற்றொரு சிக்கலும் உண்டு. சுற்றுலாவின் உச்ச மாதங்களில் பல, ஏலக்காய் அறுவடை நடக்கும் மாதங்களாகவும் அமைகின்றன. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நாள்தோறும் கம்பம்மெட்டு வழியாக ஜீப்களில் வரும் தொழிலாளர்களை நம்பியே இங்குள்ள பல தோட்டங்கள் இயங்குகின்றன. எனவே சுற்றுலா நிறுவனங்களுக்கு ஆள் கிடைப்பதே அரிது. கிடைத்தவருக்குப் பயிற்சி அளிக்க நேரம் ஒதுக்குவது அதனினும் அரிது.

பயிற்சியின்மையின் விலை

இம்மலைத்தொடரில் நிகழ்ந்த மூன்று துயரங்கள் களப்பணியாளரின் பொறுப்பு எத்தகையது என்பதை உணர்த்துகின்றன. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும், உயிர்காப்பு உடை அணியாததும் அப்போது பெரிதும் பேசப்பட்டன. 2011 ஜனவரி 14 அன்று, மகரஜோதி நாளில், வண்டிப்பெரியாறு அருகே புல்மேட்டில் ஏற்பட்ட நெரிசலில் 100-க்கும் மேற்பட்ட பக்தர்கள் மாண்டனர். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர்.

இவற்றின் காரணங்கள் வெவ்வேறானவை. விசாரணைகளும் தனித்தனியே நடந்தன. ஆயினும் மூன்றிலும் ஒரு பொதுக் கேள்வி எழுகிறது: ‘உட்காருங்கள்’, ‘இனி போக வேண்டாம்’, ‘திரும்பிவிடலாம்’ என்று உரிய நேரத்தில் சொல்லக்கூடியவர் யார்? நான்கு வாரங்களுக்கு மட்டும் வேலைக்கு வந்தவர், பணம் கட்டிய விருந்தினரிடம் இதைச் சொல்லத் தயங்குவார். முதலாளி கோபிப்பார் என அஞ்சுவார். ஆகவே, எந்தச் சூழலில் மறுக்க வேண்டும் என்பதைக் கற்பிப்பதும், மறுத்தவரை நிர்வாகம் கைவிடாது என்பதை முன்னதாகவே அறிவிப்பதும் பயிற்சியின் முதற்பாடமாகின்றன.

பெரியாறு காட்டிய வழி

உள்ளூர் மக்களையே தேர்ந்த வழிகாட்டிகளாக்கிய முன்னுதாரணம் அருகிலேயே உள்ளது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1996-இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், ‘வயணா’ எனப்படும் காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துவந்த குமுளிப் பகுதியினர் 20-க்கும் மேற்பட்டோர் வனத்துறையுடன் இணைந்தனர். ‘பெரியாறு புலித்தடம்’ என்ற காட்டு முகாம் பயணத்தை அவர்கள் நடத்தத் தொடங்கினர். கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டுவண்டிப் பயணம் நடத்தும் குழுவிலும் காட்டுக் குற்றங்களிலிருந்து மீண்ட தமிழகப் பகுதியினர் உள்ளனர்.

காட்டின் தடங்களும் விலங்குகளின் போக்கும் இவர்களுக்கு முன்பே தெரியும். அந்நியரிடம் பேசும் முறை, முதலுதவி, குழுவை ஒழுங்காக நடத்துதல் ஆகியவையே புதிதாகக் கற்க வேண்டியவை. சபரிமலைக் காலத்தில் காட்டுப் பாதையில் பக்தர்களுக்கான கடைகளை நடத்தும் பணியும் இத்தகைய உள்ளூர்க் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பருவம்தோறும் அதே மக்கள் திரும்பி வருவதால், ஓராண்டின் பட்டறிவு வீணாவதில்லை. 2024-இல் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்திலும் உள்ளூர் இளைஞர்களே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகியுள்ளனர்.

பயிற்சியில் இடம்பெற வேண்டியவை

பாதுகாப்பு: வாகனம், படகு, காட்சிமேடை ஆகியவற்றில் எத்தனை பேர் என்ற வரம்பு, அருகிலுள்ள மருத்துவமனை, கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் இடங்கள், மழைக்காலத்தில் மண்சரிவின் அறிகுறிகள். இவற்றை ஏட்டில் படிப்பதைவிட, அந்தந்த இடத்திலேயே ஒருமுறை செய்து பார்ப்பது பயன்தரும்.

தோட்டம்: பூச்சிமருந்து தெளித்த பகுதிக்குள், அம்மருந்துக்கு உரிய இடைவெளி முடியும்வரை விருந்தினரை அழைத்துச் செல்லக் கூடாது. தெளிப்பு நாட்களைத் தோட்ட மேற்பார்வையாளர் வழிகாட்டியிடம் முன்கூட்டியே தெரிவிக்கும் ஏற்பாடு வேண்டும்.

செய்தி: செடியின் அடியில் தரையையொட்டி நீளும் சரங்களில் காய் பிடிப்பது, முற்றிய காய்களை மட்டும் பல சுற்றுகளாகப் பறிப்பது, பச்சை நிறம் மங்காதவாறு மிதமான வெப்பத்தில் உலர்த்துவது, ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் காய் 1 கிலோவாகச் சுருங்குவது, புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலம் நடப்பது ஆகியவற்றை வழிகாட்டி பிழையின்றிச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் காய் எடுத்த தொழிலாளி ஒருவரே இதற்குச் சிறந்த ஆசிரியர்.

உணவு: உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் கூறுகிறது. சிறிய விடுதிகளும் இதைப் பின்பற்றுவது நலம்.

மொழி: எல்லைப் பகுதி என்பதால் பலருக்கும் தமிழும் மலையாளமும் தெரியும். அவசரக் காலத்தில் கூற வேண்டிய பத்துப் பன்னிரண்டு தொடர்களை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மனப்பாடமாக்கினால் போதுமானது.

ஊதியமும் தொடர்ச்சியும்

பயிற்சி நாட்களுக்கும் கூலி வழங்கப்பட வேண்டும். தோட்டத்தில் அன்றாடக் கூலி கிடைக்கும் காலத்தில், கூலியற்ற வகுப்புக்கு எவரும் வரமாட்டார்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில், விருந்தினர் வரத்து தொடங்கும் முன், இரண்டு மூன்று நாட்கள் ஒதுக்குவது நிறுவனங்களுக்கும் எளிது. உள்ளூர் மக்களைச் சுற்றுலாவுடன் இணைக்க 2017-இல் தொடங்கப்பட்ட கேரளப் பொறுப்புச் சுற்றுலா இயக்கம், கேரளச் சுற்றுலா மற்றும் பயணக் கல்வி நிறுவனம் ஆகியவையும் பயிற்சிகளை நடத்துகின்றன.

சென்ற ஆண்டு பணியாற்றியவரை மீண்டும் அழைப்பதும், அவரைக் கொண்டே புதியவருக்குக் கற்பிப்பதும் செலவு குறைந்த வழிகளாகும். பருவம் முடிந்ததும் வேலை நின்றுவிடலாம். ஆனால் அப்பணியாளரின் பொறுப்பில் ஒரு குடும்பம் படகிலோ மலைப்பாதையிலோ இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், அவர் தற்காலிகப் பணியாளர் என்பதால் ஆபத்து குறைந்துவிடுவதில்லை.